மச்சானை ஃபாலோ அப் பண்ணாதவன்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் கௌரவமாவது மிஞ்சும்.

முப்பது வருடமாக நாமக்கல் சுற்றுவட்டாரத்துக் கோழிப் பண்ணைக்காரர்களை விடாமல் துரத்தித் துரத்தியே சோறு தின்றவன் நான். என் மகள் நிவேதாவின் கல்யாணத்துக்கு முந்நூற்று நாற்பது வீடுகளுக்குப் பத்திரிகை வைத்தேன். அதில் முந்நூற்று முப்பத்தொன்பது வீடுகளுக்கு மறுபடியும் போன் செய்து, "கண்டிப்பா வந்துருவீங்கல்ல?" என்று கேட்டு உறுதிப்படுத்தினேன். விட்டுப்போனது ஒரே ஒரு வீடு. அது என் மனைவியின் அண்ணன் வீடு.

அதாவது மணப்பெண்ணின் தாய்மாமன் வீடு.

எங்கள் பக்கத்து வாசகர்கள் இந்நேரம் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்த காலை அது. வீட்டுக் கூடத்தில் ராசிபுரத்து நெய் டின்கள் ஒரு பக்கம், இளம்பிள்ளையிலிருந்து வந்த சேலைக் கட்டுகள் ஒரு பக்கம். நெய் வாசனையும் புதுத்துணியின் கஞ்சி வாசனையும் கலந்து, வீடே ஏதோ ஒரு கடையின் பின்கட்டு மாதிரி இருந்தது. மல்லிகா உட்கார்ந்து சேலைகளை மடித்துப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் எதிரே நாற்காலியில், மடியில் ஒரு நீள நோட்டுடன். பத்திரிகை வைத்த வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி. மறுபடி போன் செய்தால் நீலப் புள்ளி. வருவதாக உறுதி சொன்னால் பச்சைப் புள்ளி. கோழி மருந்து விற்ற கம்பெனியில் கற்ற முறை. "பாத்தியா, ஒரு புள்ளி விடல" என்று பெருமையாக நோட்டை அவளிடம் நீட்டினேன்.

மல்லிகா முதல் பக்கத்தைத் திருப்பினாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, அண்ணங்கிட்டப் பேசுனீங்களா?"

"மொதப் பத்திரிகையே அவருக்குத்தான வச்சோம்?"

"அது வச்சு ஒரு மாசமாச்சு. அதுக்கப்பறம்?"

நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் மச்சான் பெயர். பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதற்கப்புறம் வெறும் காகிதம்.

அவள் திட்டவில்லை. திட்டினால் விஷயம் சின்னது என்று அர்த்தம். இத்தனை வருடக் குடித்தனத்தில் எனக்கு அது தெரியும். பாதி மடித்த சேலையை அப்படியே தரையில் வைத்தாள்.

"என்ற அண்ணன் வரலீன்னா, புள்ளைக்குப் பட்டம் யாரு கட்டுவாங்க?"

எங்கள் கல்யாணங்களில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். தங்க நிறத்தில் ஒரு மெல்லிய பட்டை. கட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கு மாமன் இல்லையென்றால், அடுத்த முப்பது வருடத்துக்குச் சொந்தக்காரர்கள் பேச விஷயம் கிடைத்துவிடும். பேசுகிறவர்கள் என்னை விட்டுவிடுவார்கள். மல்லிகாவைத்தான் பிடிப்பார்கள். "அண்ணங்காரனே வரல பாரு" என்று.

சேலத்து லாட்ஜில் கிடைத்த வார்த்தை

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வாழ்க்கை அதில்தான் ஓடியது.

கோழி மருந்துக் கம்பெனியில் நான் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்த புதிது. சேலம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு லாட்ஜின் மாடியில் பயிற்சி. மேனேஜர் வெளியூர்க்காரர், இறுக்கமான டை கட்டியவர். அந்த வெயிலில் அவர் கழுத்தைப் பார்த்தாலே எங்களுக்கு மூச்சுத் திணறும். அவர் கரும்பலகையில் பெரிதாக எழுதினார்: ஃபாலோ அப்.

"முதல் தடவை போறது விசிட். ரெண்டாம் தடவை போறதுதான் வேலை" என்றார்.

எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஃபாலோ என்றால் பின்னால் போவது, அப் என்றால் மேலே. இரண்டையும் சேர்த்தால் ஒருத்தர் பின்னாலேயே மேலே போவது என்று எழுதிக்கொண்டேன். முதல் வாரமே ஒரு பண்ணைக்காரர் தென்னை மரத்தில் ஏறிக் காய் போட்டுக்கொண்டிருந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி, மேனேஜர் இதைத்தான் சொன்னாரோ என்று ஒரு கணம் யோசித்தது உண்மை.

போகப் போகத்தான் விளங்கியது. அந்த 'அப்' மேலே ஏறுவதற்கு இல்லை. தொட்ட காரியத்தைப் பாதியில் விடாமல் முடிவு வரைக்கும் கொண்டுபோவதற்கு. தமிழில் இதற்கு ஒற்றை வார்த்தை தேடிப் பார்த்தேன். 'பின்தொடர்தல்' என்றால் போலீசில் புகார் கொடுக்கிற விஷயம். 'நினைவூட்டல்' என்றால் கடுதாசியோடு முடிந்தது. 'விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது' என்றால் பிச்சைக்காரனா என்பார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பிசைந்தால் ஃபாலோ அப்.

இங்கிலீஷிலும் அது ஒரு விசித்திரம்தான். ஒருத்தன் ஒரு பெண்ணை ஃபாலோ பண்ணுகிறான் என்றால் ஊரே திரண்டு உதைக்கும். அதே ஆள் ஃபாலோ அப் பண்ணுகிறான் என்றால் "நல்ல பையன், பொறுப்பானவன்" என்று பெண்ணே கொடுத்துவிடும். நடுவே இரண்டு எழுத்துத்தான்.

இன்றைக்கு எங்கள் ஊரில் அந்த வார்த்தை இல்லாத தொழிலே கிடையாது. லாரிக்குப் பாடி கட்டக் கொடுத்தவர் பட்டறையை ஃபாலோ அப் பண்ணுகிறார். போர் போட ரிக் வண்டி கேட்டவர் ஏஜெண்டை ஃபாலோ அப் பண்ணுகிறார். ஆஸ்பத்திரிச் சீட்டில் அடியில் எழுதித் தருகிறார்கள், "ஃபாலோ அப்: பதினைந்து நாள்" என்று. என் முழங்கால் வலிக்கு அப்படி எழுதிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. நான் இன்னும் போகவில்லை. ஊரையெல்லாம் ஃபாலோ அப் பண்ணியவனுக்குத் தன் காலைப் பார்க்க நேரமில்லை.

செத்தவரையும் விடாதவன்

நான் எவ்வளவு தீவிரமான தொழிலாளி என்பதற்கு ஒரு சம்பவம் போதும்.

மோகனூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்காரர். அவர் எதைக் கேட்டாலும் "பாக்கலாமுங்க" என்பார். எங்கள் பண்ணைக்காரர்களின் அகராதியை நான் அப்போதே மனப்பாடம் செய்திருந்தேன். "பாக்கலாமுங்க" என்றால் வாங்க மாட்டார். "சொல்லி அனுப்பறனுங்க" என்றால் நான் செத்தாலும் சொல்லி அனுப்ப மாட்டார். "பையன்கிட்டக் கேக்கறேன்" என்றால் பையனே கிடையாது.

இருந்தாலும் விடவில்லை. வாரா வாரம் போன் செய்தேன். ஒரு நாள் போனை வேறு குரல் எடுத்தது. மகனாம். ஆக, பையன் இருந்திருக்கிறான்.

"அப்பா தவறிட்டாருங்க. பத்து நாளாச்சு" என்றான்.

என் வாயில் என்ன வந்திருக்க வேண்டும்? அய்யோ என்று வந்திருக்க வேண்டும். ஆனால் முப்பது தடவை சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் விழுந்துவிட்ட வாக்கியம்தான் வந்தது: "சரிங்க, அப்ப எப்ப ஃபாலோ அப் பண்ணட்டுங்க?"

 அந்தப் பையன் சிரித்துவிட்டான். அழுதுகொண்டே சிரித்தான். அடுத்த நாள் மாலை வாங்கிக்கொண்டு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் தன் அம்மாவைக் கூப்பிட்டு, "அம்மா, அப்பா சொல்லுவாரே, விடாக்கண்டன், அவருதான் வந்துருக்காரு" என்று அறிமுகப்படுத்தினான். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போனார். இன்றைக்கும் அந்தக் குடும்பம் எனக்கு வேண்டிய குடும்பம். கல்யாணப் பட்டியலில் அவர்களுக்கும் மூன்று புள்ளி.

மச்சானுக்கு ஒன்றுதான்.

பத்திரிகை வேறு, அழைப்பு வேறு

எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பது அழைப்பு ஆகாது. அது தகவல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இந்தத் தேதியில் கல்யாணம் என்று தெரிவிப்பது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போய், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்து, அவர்கள் கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு வர வேண்டும். ஒருத்தர் மட்டும் போனால் "ஏனுங்க, அம்மணி வரலீங்களா?" என்ற ஒரு கேள்வியிலேயே தகவலும் ரத்தாகிவிடும்.

அழைப்பு என்பது அதற்கப்புறம். கல்யாணம் நெருங்கும்போது இன்னொரு தடவை கேட்க வேண்டும். "நேரத்துல வந்துருங்க", "புள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க", "எந்த வண்டில வர்றீங்க?" இந்த மூன்றும் வந்தால்தான் பத்திரிகைக்கு உயிர் வரும். அதிலும் தாய்மாமன் என்றால் போனில் கேட்டது பாதிதான். நேரில் போக வேண்டும்.

லாட்ஜ் மாடியில் டை கட்டிக்கொண்டு அந்த மேனேஜர் சொல்லிக் கொடுத்ததை எங்கள் கல்யாண வீடுகளில் எத்தனை காலமாகச் செய்துவருகிறார்கள்! அதற்கு ஒரு பெயர் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியிருந்தும் மச்சானுக்கு ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான். நம்ம ஆள்தானே என்று நினைத்தேன். அந்நியரைத்தான் துரத்த வேண்டும், சொந்தக்காரர் தானாக வருவார் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்த பாடம் அது.

மச்சானைப் பற்றி ஒரு விஷயம். பெயர் செங்கோட்டுவேல். மல்லிகாவைவிட எட்டு வயது மூத்தவர். வையப்பமலைப் பக்கம் மரவள்ளிக் காடு. பேச்சு குறைவு. குறைவு என்றால், நான் காலையில் பல் தேய்ப்பதற்குள் பேசிவிடுகிற அளவை அவர் ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்வார்.

நிவேதா கல்லூரி விடுதியில் இருந்த நான்கு வருடமும் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு பை கொய்யாப்பழம் கொடுப்பார். பத்து நிமிடம் எதிரே உட்கார்ந்திருப்பார். "வரட்டா சாமி?" என்று எழுந்துவிடுவார். "மாமா என்னடி பேசுனாரு?" என்று தோழிகள் கேட்டால், "வரட்டான்னு கேட்டாரு" என்பாளாம். நான்கு வருடத்தில் நான் அங்கே போனது மூன்று தடவை. அதில் இரண்டு தடவை பக்கத்தில் பண்ணை விசிட் இருந்தது.

அந்த மனிதருக்குத்தான் நீலப் புள்ளி வைக்க மறந்திருக்கிறேன்.

மல்லிகா தன் அண்ணிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள், நானும் கேட்கட்டும் என்று. எனக்கு அக்கா முறையான அவர் நல்லவர். சுற்றி வளைத்தார், மழுப்பினார், கடைசியில் சொல்லிவிட்டார். மச்சானின் வேலிக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர் முத்துசாமி எனக்கும் பழக்கம். அவருக்கு நான் இரண்டு தடவை போன் செய்திருக்கிறேன். அவர் வேலியோரமாக வந்து மச்சானிடம், "உங்க மாப்ள எனக்கு ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரப்பா. நீ எந்த வண்டில போற?" என்று கேட்டிருக்கிறார்.

"அதுக்கு அண்ணன் என்ன சொன்னாரு அண்ணி?"

"எனக்கு இன்னும் போன் வரலன்னாரு. அவ்வளவுதான் அம்மணி. அப்பறம் சாப்பிட்டுப் படுத்துட்டாரு."

மல்லிகா போனை வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தாள். மூன்று நிறப் புள்ளிகளும் அம்மை போட்டது மாதிரி பக்கம் முழுக்க இருந்தன.

"கெளம்புங்க" என்றாள்.

மரவள்ளிக் காட்டில் வெள்ளை வேட்டி

தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, புதுப் பத்திரிகை. வெளுத்த வேட்டி சட்டையில் நான். வழி முழுக்க மல்லிகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். சவ்வரிசி மில் ஒன்றைத் தாண்டும்போது மரவள்ளி மாவின் புளித்த வாசனை காருக்குள் வந்தது. ஜன்னலை மூடட்டுமா என்று கேட்டேன். அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

மச்சான் வீட்டில் அக்கா மோர் கொடுத்தார். "அவரு காட்டுலங்க. மோட்டார் ஓடுது, தண்ணி கட்டிட்டு இருக்காரு" என்றார். வந்துவிடுவார் என்று சொல்லவில்லை. கூப்பிடட்டுமா என்றும் கேட்கவில்லை. நாங்கள்தான் போக வேண்டும் என்பது அந்த மோர் டம்ளரிலேயே எழுதியிருந்தது.

வரப்பில் மல்லிகா முன்னால், நான் பின்னால். மச்சான் தூரத்தில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். மண்வெட்டி நிற்கவில்லை.

வரப்பிலேயே நின்று பேசியிருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும் என்பது கம்பெனி விதி. இறங்கினேன். வலது கால் முழங்கால் வரை சேற்றுக்குள் போனது. காலை இழுத்தேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை. வேட்டியில் பாதி பழுப்பு நிறமாகிவிட்டது.

அந்த நிலையில் பேச ஆரம்பித்தேன். முதலில் செல்போன் சிக்னல்மேல் பழி போட்டேன். பிறகு மண்டபக்காரர்மேல், பிறகு சமையல்காரர்மேல். மூன்று நிறப் புள்ளி முறையை விளக்கினேன். அதில் முக்கியமானவர்களைக் கடைசியில் கூப்பிடுவது ஒரு உத்தி என்றுகூடச் சொன்னேன். வரப்பில் நின்ற மல்லிகா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மச்சான் ஒரு மடையை அடைத்தார், இன்னொன்றைத் திறந்தார். பிறகு நான் நின்ற இடத்துக்கு வந்தார். மண்வெட்டியைச் சேற்றில் விட்டு என் செருப்பை நெம்பி எடுத்து, வாய்க்கால் தண்ணீரில் அலசி, வரப்பின்மேல் வைத்தார். 

அந்த ஈரச் செருப்பைப் பார்த்ததும் என் பேச்சு நின்றுவிட்டது. கையில் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோனது.

"மச்சான், மறந்துட்டனுங்க" என்றேன். "நம்ம ஊட்டு ஆளுதானன்னு இருந்துட்டேன். தப்பு என்மேலதான். நீங்க வந்து நின்னாத்தான் புள்ளைக்குக் கல்யாணம்."

மல்லிகா தட்டை நீட்டினாள். அவள் சொன்னது "அண்ணா" மட்டும்தான். 

மச்சான் வாய்க்காலில் கை கழுவினார். தோள் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"சரி" என்றார்.

"சரி" என்றால்?

திரும்பி வரும் வழியில் காருக்குள் பெரிய விவாதம். தட்டை வாங்கிக்கொண்டார், அதனால் வருவார் என்பது மல்லிகா கட்சி. சரி என்றுதான் சொன்னார், வாரேன் என்று சொல்லவில்லையே என்பது என் கட்சி. என் அகராதியில் "பாக்கலாமுங்க"வுக்கு அர்த்தம் இருந்தது. தனியாக நிற்கிற "சரி"க்கு இல்லை.

"நாளைக்கு ஒருக்கா போனப் போட்டு உறுதி பண்ணிக்கறேன்" என்றேன்.

மல்லிகா அப்போதுதான் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். "தொடவே கூடாது. நேர்ல போய்க் கூப்புட்டாச்சு. இனி மறுக்காக் கேட்டீங்கன்னா, என்ற அண்ணன் வார்த்தைய நம்பலன்னு ஆயிரும்."

முப்பது வருடத் தொழிலில் எனக்கு யாரும் சொல்லாத இலக்கணம் அது. ஒன்று குறைந்தால் மறதி. ஒன்று கூடினால் அவமரியாதை. நடுவில் இருக்கிற கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்று அந்த மேனேஜருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த மூன்று நாள் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. சொறி பிடித்தவனின் கையைக் கட்டிப்போட்டது மாதிரி. போனை எடுப்பேன், மச்சான் பெயரைத் தேடுவேன், வைத்துவிடுவேன். பழக்க தோஷம் பொறுக்காமல் முத்துசாமிக்குப் போட்டேன். அது அவருக்கு மூன்றாவது போன்.

"நான் வந்துருவனுங்க" என்றார் முத்துசாமி. "அவரு வர்றாரா என்னன்னு தெரியலீங்க. கேட்டா, தண்ணி கட்டறாரு."

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்துக்கு அக்கா மட்டும் வந்து இறங்கினார். மல்லிகா முகத்தைப் பார்த்ததுமே அவரே சொன்னார். "மூணு பேஸ் கரண்டு வந்தாத் தண்ணி பாய்ச்சோணும்னாரு. நீ முன்னால போ அப்படீன்னாரு." பின்னால் வருகிறேன் என்று சொன்னாரா என்று கேட்டேன். அக்கா யோசித்தார். "அதச் சொல்லலீங்க" என்றார்.

மல்லிகா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், வந்தவர்களிடமெல்லாம். ஆனால் வாசலில் ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் அந்தச் சிரிப்பு ஒரு விநாடி நின்று, மறுபடி ஓடியது.

காலை

முகூர்த்தத்தன்று காலை, வெளிச்சம் வந்ததிலிருந்து நான் மண்டப வாசலில் நின்றேன். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு. முந்நூற்று முப்பத்தொன்பது வீட்டாரும் வரிசையாக வந்தார்கள். என் தொழில் திறமைக்குச் சாட்சியாக அத்தனை பேரும் நேரத்துக்கு வந்தார்கள். அன்றைக்கு அந்தத் திறமை எனக்குப் பிடிக்கவில்லை.

மோகனூர்ப் பையன் தன் அம்மாவோடு வந்தான். முத்துசாமி வந்தார். தனியாக.

"அவரு?"

"வரும்போது எட்டிப் பாத்தனுங்க. ஊட்டுல பூட்டுத் தொங்குது. வண்டியும் இல்ல" என்றார். பன்னீரை அவர்மேல் தெளிக்க மறந்து என் சட்டையிலேயே தெளித்துக்கொண்டேன்.

பூட்டு தொங்கினால் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். கிளம்பியவர் எங்கே? வையப்பமலையிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும்? வழியில் வண்டி நின்றுவிட்டதா? அல்லது வேறு எங்காவது போய்விட்டாரா? கோபம் தாளாமல் கோயில் குளம் என்று போய்விடுகிற ஆட்களும் எங்கள் சொந்தத்தில் உண்டு.

உள்ளே மேளம் மாறியது. எங்கள் கல்யாணங்களில் சீர்களை எல்லாம் முறையாக நடத்தித் தருகிற அருமைக்காரர் ஆள் அனுப்பினார். "பட்டம் கட்டோணும், மாமனக் கூப்புடுங்க."

வாசலை விட்டு மேடைப் பக்கம் போனேன். நிவேதா பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றிச்சுட்டியைப் பட்டத்துக்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். வெறும் நெற்றியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, மாமா எங்க?"

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அருமைக்காரர் தட்டிலிருந்த அரிசியைக் கையால் அளைந்தபடி என்னைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ யாரிடமோ குனிந்து ஏதோ சொன்னார்கள். காதில் விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை.

மேடையின் அந்தக் கோடியில் மல்லிகா நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் என்மேல் வந்தது. மூன்று நாளாகப் போனைத் தொடக்கூடாது என்று காவல் இருந்தவள், கையை உயர்த்தி, கட்டை விரலைக் காதிலும் சுண்டு விரலை வாயிலும் வைத்துக் காட்டினாள்.

 மேடைக்குப் பக்கத்துத் தூணோரம் ஒதுங்கிப் போன் போட்டேன். ஒரு மணி அடித்தது. இரண்டு. மூன்று. நான்காவது மணியில் எடுத்தார். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். பெரிய பாத்திரம் எதையோ இழுக்கிற சத்தம், யாரோ தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"மச்சான், எங்கீங்க இருக்கறீங்க?" என்றேன். அழுகிற குரலில்தான் கேட்டிருப்பேன்.

"பின்னாடி சமையக்கட்டுல நிக்கறேன் மாப்ள, சாம்பாருக்கு உப்புப் பத்தல."